தோற்றவர் இல்லாத ஆட்டம்

காலநிலை மாநாடு எப்போது நடக்கிறது என்று அறியத் திருமுல்லைவாயில்காரர்கள் செய்தித்தாளைப் புரட்ட வேண்டாம். சி.டி.எச். சாலையில் முழங்கால் தண்ணீர் நின்றால் எங்கோ மாநாடு நடக்கிறது என்று பொருள். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது பாரீஸ்; 2021 நவம்பர் 7-ல் மூழ்கியபோது கிளாஸ்கோ; 2023 டிசம்பர் 4-ல் மிக்ஜாம் புயல் மழை அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் புகுந்தபோது துபாய். வடகிழக்குப் பருவமழையும் ஐ.நா.வும் ஒரே பஞ்சாங்கம் பார்க்கின்றன போலிருக்கிறது. துபாயில் முதல் நாளே இழப்பு-சேத நிதியத்துக்கு ஒப்புதல் கொடுத்துக் கைதட்டினார்கள். நான்கே நாளில் இழப்பும் சேதமும் இங்கே வந்து சேர்ந்தன. நிதிக்குத்தான் வழி தெரியவில்லை.

இந்தப் பேச்சுவார்த்தைகளின் கோளாறு அறிவியலில் இல்லை, தோற்றவர் யார் என்று சொல்லாமல் கலைகிற வழக்கத்தில் இருக்கிறது என்பது என் கட்சி. 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் எம்பாப்பே மூன்று கோல் அடித்தும் பிரான்ஸ் பெனால்டியில் 4-2 என்று தோற்றது; 'ஆக்கபூர்வமாகப் பங்கேற்றது' என்று யாரும் அறிக்கை எழுதி ஆறுதல் தரவில்லை. பங்குச்சந்தை இன்னும் கறார். எஃப் அண்ட் ஓ எனும் முன்பேர வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2021-22 தொடங்கி மூன்று நிதியாண்டுகளில் பணத்தை விட்டதாகவும், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியதாகவும் செபி 2024-ல் கணக்குச் சொன்னது. அண்ணனூர் தாண்டும் மின்ரயிலில் கால், புட் என்று கைபேசியைத் தடவுகிற இளைஞருக்கு, தோற்றது தாம்தான் என்பது மாலை 3.30-க்கே தெரிந்துவிடும். (மறுநாள் காலை 9.15-க்கு மறந்துவிடுவார். அது வேறு வியாதி.) மாநாட்டிலோ எல்லோரும் வெற்றி. 2024-ல் பாக்குவில் ஏழை நாடுகள் ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர் கேட்டன. 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி என்று முடிந்தது. வெள்ளிக்கிழமை முடிய வேண்டிய கூட்டம் ஞாயிறு விடியலுக்கு நீண்டது. சுத்தியல் தட்டியான பிறகுதான் இந்தியப் பிரதிநிதியால் எதிர்ப்பைச் சொல்ல முடிந்தது.

"ஆட்டத்துக்கு நடுவர் உண்டு, இறையாண்மை உள்ள நாடுகளுக்கு விசில் ஊதுவது யார்?" என்பார்கள். ஐ.நா.வில் உறுப்பினர் 193, ஃபிஃபாவில் 211. (பிரிட்டன் மட்டும் அங்கே நான்காகக் கணக்கு.) அத்தனை பேரும் ஒரே ஆஃப்சைடு விதிக்குக் கட்டுப்படுகிறார்கள், நடுவரைத் திட்டிக்கொண்டாவது. இன்னொரு ஆட்சேபம் கனமானது: உபரிநீர்க் கால்வாய்களை மறித்து வீடு கட்டியது துபாய்க்காரர்களா? இல்லை, நாம்தான். அது சேம் சைடு கோல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சேம் சைடு கோலும் ஸ்கோர் போர்டில் ஏறும் அல்லவா? மாநாட்டுக்கு ஸ்கோர் போர்டே கிடையாது. பேசியாவது வைக்கிறார்களே என்று திருப்திப்படலாம்தான். பாரீஸ் ஒப்பந்தம் அப்படித்தான் பிறந்தது. உதவியின் வேகத்தைப் பற்றி மட்டும் திருமுல்லைவாயில்காரர்களிடம் பேசக்கூடாது. மாசிலாமணீஸ்வரர் கோயில் நந்தி, தொண்டைமானுக்குப் போர்த்துணையாகப் புறப்பட, சுவாமிக்கே முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்திருக்கிறது என்பது தலபுராணம். பணக்கார நாடுகள் 2009-ல் கோபன்ஹேகனில், 2020-க்குள் எட்டுவதாக வாக்களித்த ஆண்டுக்கு 10,000 கோடி டாலரோ 2022-ல்தான் எட்டப்பட்டது. அதுவும் கொடுத்தவர்கள் போட்ட கணக்குப்படி.

கத்தார் உலகக் கோப்பையை வெயிலுக்குப் பயந்து கோடையிலிருந்து நவம்பருக்கு மாற்றினார்கள். ஷர்ம் எல் ஷேக் மாநாடு இரண்டு நாள் இழுத்துப் பறித்து முடிந்த 2022 நவம்பர் 20 அன்றுதான் கத்தாரில் முதல் ஆட்டம். பந்துக்காகப் பருவம் மாறலாம் என்றால் மாநாட்டையும் மாற்றலாம்: மே மாதம், கத்திரி வெயில், இடம் ஆவடி. கூடுதல் நேரம் கேட்கிற நாடு எது என்று பார்த்துவிடலாம். மாநாட்டோடு மழையும் கூடவே வருகிறதா என்றும் சோதித்துவிடலாம். மே மாதத்தில் இங்கே வந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.