ரெண்டு தொட்டிக்கு ஒரு தண்ணி

வா தம்பி, உதில இரு. கடல்மீன் விட்டிருக்கிற கண்ணாடித் தொட்டி ரெண்டையும் ஒரு குழாயால தொடுக்கப் போறியாம், கொம்மா சொன்னவ. நல்ல விசயம். வங்காலைக் கடலில கான் கானாத் தண்ணி அள்ளி, மோட்டார் சைக்கிளில கட்டி அடம்பனுக்குக் கொண்டு வாற ஆளெல்லோ நீ! வயலுக்கு உப்பு ஏறிப்போடுமோ எண்டு ஏங்கிக் கிடக்கிற சனத்துக்கு நடுவில, காசு குடுத்து வீட்டுக்குள்ள உப்பு ஏத்துற ஒரே பிள்ளை. உன்னைப் பெத்த வயிறு குளிரட்டும்.

உன்ர கணக்கு எனக்கு விளங்காமலில்லை. நூறு லீற்றரும் நூறு லீற்றரும் சேர்ந்தா இருநூறு. தண்ணி கூடினா மத்தியான வெக்கைக்கு டக்கெண்டு சூடேறாது. கல்லுக்குப் பின்னால ஒரு மீன் செத்துக் கிடந்தாலும் அதில கிளம்புற அமோனியா எப்பன் ஐதாகும். சரிதான். படிச்ச பிள்ளை, பிழையாக் கணக்குப் பார்க்கமாட்டாய். ஆனா நல்லதை மட்டும் இந்தப் பக்கம் விட்டு, கெட்டதை அந்தப் பக்கம் மறிக்கிற குழாய் எந்தக் கடையில விக்குது எண்டு எனக்கும் ஒருக்காச் சொல்லு. நானும் ரெண்டு முழம் வாங்க வேணும்.

நீ நினைச்சதைப் பெரிய பெரிய ஆக்களும் நினைச்சவை. எங்கட மன்னாருக்கு வடக்கை பாக்கு விரிகுடா, தெற்கை மன்னார் வளைகுடா. ரெண்டுக்கும் நடுவில மணல் திட்டு. அந்தப் பக்கத்தால வாய்க்கால் வெட்டிக் கப்பல் விடலாம் எண்டு 1860 இலயே டெயிலர் எண்ட வெள்ளைக்காரன் திட்டம் போட்டவன். 2005 யூலை 2 இல மதுரையில பந்தல் போட்டு, 167 கிலோமீற்றர் நீளம், 12 மீற்றர் ஆழம் எண்டு சேதுக் கால்வாயைத் தொடங்கி வைச்சினம். 2007 இல இந்திய உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டில, அதுதான் இராமர் பாலத்தில, கை வைக்காதே எண்டு மறிச்சுது. கப்பல் இண்டைக்கும் இலங்கையைச் சுத்தித்தான் போகுது. எங்கட மீன் மட்டும் ஒருத்தரையும் கேளாமல், வாடைக்கும் சோளகத்துக்கும் திட்டு இடுக்கால அங்காலையும் இங்காலையும் போய்க்கொண்டிருக்கு. அதுக்கு அடிக்கல் நாட்ட ஆரும் வரேல்லை.

வெட்டினவையும் இருக்கினம். 1869 இல சூயெசைத் திறந்து செங்கடலையும் மத்தியதரைக் கடலையும் தொடுத்தாங்கள். அந்த வாய்க்காலில இண்டு வரைக்கும் ஒரு மடையும் இல்லை. திறந்த வீடு. எங்கட பெட்டையள் குழம்பு வைக்கிற ஓரா இருக்கெல்லே, அதின்ர செங்கடல் சொந்தக்காரர் ரெண்டு சாதி அதுக்குள்ளால போய், துருக்கிப் பக்கக் கடலில பாறையில கிடந்த பாசி எல்லாத்தையும் வழிச்சுத் துடைச்சு வைச்சிருக்கு. அங்க பிறந்த மீனுக்கு ஒதுங்க இடமில்லை. 1914 இல பனாமாவைத் திறந்தவன் கொஞ்சம் விவரமானவன் போல. மடைக்கு மேல மடை வைச்சு, நடுவில ஒரு நன்னீர்க் குளத்தையும் விட்டான். உப்புத்தண்ணியில பிறந்தது அந்தக் குளத்தைத் தாண்டுறது லேசில்லை. வேணுமெண்டு செய்தானோ, மலை ஏத்த வழியில்லாமல் செய்தானோ, அது வேற கதை.

உவ்வளவு தூரம் ஏன், புத்தளத்துக்குப் போய்ப் பார். இறால் பண்ணைக்காரர் ஒல்லாந்தர் வாய்க்காலில தண்ணி எடுத்து, பாவிச்சுப்போட்டு அந்த வாய்க்காலுக்கே திருப்பி விட்டவை. ஒருத்தன்ர கழிவு, அடுத்தவன்ர வருத்தத் தண்ணி. 1996 இல வெண்புள்ளி வைரஸ் வந்துது. இறால் கொத்துக் கொத்தாச் செத்துது. வேலி கட்டின பண்ணை, வேலி கட்டாத பண்ணை எண்டு வைரஸ் பார்க்குமே? பிறகுதான் நீருயிரின வளர்ப்பைப் பார்க்கிற அரசாங்கத்து நக்டாக்காரரும் பண்ணைக்காரரும் கூடி, வலயம் வலயமாப் பிரிச்சு, ஆர் எப்ப குஞ்சு விடுறது எண்டு நாட்காட்டி போட்டவை. உன்ர மீனுக்கு வாற வெண்புள்ளி வேற. அது வைரஸ் இல்லை, ஒத்தைக் கலத்து ஒட்டுண்ணி. ஆனா பழக்கம் ஒண்டுதான், தண்ணி போற இடமெல்லாம் அதுவும் போகும். அதுக்குச் செம்பு மருந்து போடுறவை, வயலுக்கு வாங்குற மயில்துத்தத்தின்ர இனம். மீன் தப்பும். தொட்டியில கிடக்கிற இறாலும் நத்தையும் பவளமும் சாகும். தொட்டி தனியெண்டா ஒண்டில மருந்து போடலாம். தொடுத்துப்போட்டா? மருந்தைப் பார்த்து "நீ இடப்பக்கம் மட்டும் போ" எண்டு சொல்லு. கேட்டா எனக்கு அறிவி, நான் ஊர்க் கழுதையளையும் பழக்கலாம்.

சரி, முகத்தைத் தூக்காதை. செய்யத்தான் போறாய். செய்யிறதை ஒழுங்காச் செய்.

உந்த வளைஞ்ச குழாய் ஒண்டை ரெண்டு தொட்டிக்கும் மேலால கவிழ்த்து வைக்கிற யோசனையை முதலில விடு. தண்ணி ஏறி இறங்கும், மட்டம் ஒண்டாகும், பார்க்க வடிவாத்தான் இருக்கும். ஆனா உன்ர காத்துப் பம்பு விடுற குமிழி எல்லாம் மெல்ல மெல்ல வளைவின்ர உச்சியில சேரும். ஒருநாள் நடுச்சாமத்தில தொடர்பு அறும். அறுந்தது தண்ணியைச் சுத்த விடுற மோட்டருக்குத் தெரியாது. அது ஒரு தொட்டியை உறிஞ்சி மற்றதுக்கு ஊத்திக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் மீன் தரை தட்டும், மற்றப் பக்கம் கொம்மாவின்ர பாயில கடல் வரும். கடைசியில மோட்டரும் தண்ணியில்லாமல் கருகும்.

கட்டுக்கரைக் குளத்தைப் பார். அருவியாத்துத் தேக்கத்தில இருந்து வாய்க்காலில வந்து விழுகிற தண்ணிதான் கீழை கிடக்கிற சின்னக் குளங்களுக்கும் போகுது. ஒரு குளத்தின்ர தலை இன்னொரு குளத்துக்குள்ள இல்லை. எல்லாத்துக்கும் துருசு இருக்கு, வான் இருக்கு. கூடினது தானா வான் பாயும், வேண்டாத நேரம் துருசை இறக்கலாம். நீயும் அப்பிடிச் செய். ரெண்டு தொட்டிக்கும் கீழை மூண்டாவது ஒரு தொட்டியை வை. மேல் விளிம்புக்கு எப்பன் கீழை துளை போட்டு, ரெண்டும் தனித்தனியா அதுக்குள்ள வழியட்டும். கண்ணாடி சூட்டில பதப்படுத்தினதோ எண்டு முதலில கேள், அதில துளைச்சாச் சில்லுச் சில்லாப் போகும். கீழ்த் தொட்டியில மோட்டரை இறக்கி ரெண்டுக்கும் கிளை பிரிச்சு ஏத்து. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு திருகுப் பூட்டு. வழியிற வாயில சல்லடை போடு, நத்தைக்குக் குழாய்க்குள்ள குடியிருக்க நல்ல விருப்பம். பூட்டிப் பிரிச்சு வைக்கிற நேரத்துக்கு ஒவ்வொண்டுக்கும் தனிக் காத்துப் பம்பு கைவசம் இருக்கட்டும். புது மீனை நேர கொண்டுபோய் விடாதை, வேற வாளியில நாலு கிழமைக்குக் குறையாமல் வைச்சுப் பார். மருந்தும் அந்த வாளியோட.

சோளகத்தில தண்ணி வத்தும். வத்துறது தண்ணி மட்டும், உப்பு அங்கதான் கிடக்கும். அதுக்குமேல நீ வங்காலைக் கானைக் கவிழ்த்தியெண்டா உப்பளம் நடத்த உரிமம் எடுக்கவேண்டி வரும். நல்ல தண்ணிதான் விடவேணும். தொடுத்த பிறகு மட்டம் குறையிறது கீழ்த் தொட்டியில மட்டும்தான் தெரியும், அதில ஒரு கோடு கீறி வை.

மற்றது, கரண்ட். உனக்குத் தெரியாததே, நிண்டுதான் வரும். மோட்டர் நிண்டா, ஏத்துற குழாயின்ர வாய் தண்ணிக்குள்ள தாண்டு கிடந்தால் மேல கிடக்கிறதையெல்லாம் திருப்பி உறிஞ்சிக் கீழை கொட்டும். நீர்மட்டத்துக்கு ஒரு விரல் கீழை அந்தக் குழாயில சின்னத் துளை ஒண்டு போடு, காத்துப் பூந்து அறுத்துவிடும். கீழ்த் தொட்டியையும் முட்ட நிரப்பாமல் இடம் விடு. மீனைத் திருப்பி விட முதல் கிணத்துத் தண்ணியை விட்டு ஓட்டி, பிளக்கை நீயே பிடுங்கிப் பார். திரும்பக் குத்து, திரும்பப் பிடுங்கு. கொம்மா திருக்கேதீச்சரம் போற நாளாப் பார்த்துச் செய், துடைக்கிற துணியையும் கிட்ட வைச்சுக்கொள். என்னைக் கூப்பிடாதை, எனக்கு முழங்கால் நோ.