எட்டு யூரோ கடல்

மூக்கு இன்னும் நிற்கவில்லை. ஊர் திரும்பி ஆறு நாளாகிறது. திருவான்மியூரில் அக்கம்பக்கத்தார் மின்விசிறியை ஐந்தில் வைத்திருக்க, நான் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு இதை எழுதுகிறேன். "இத்தாலியில அவ்வளவு குளிரா சார்?" என்று கீழ்வீட்டுக்காரர் கேட்டார். இல்லை. வெளியே 16 டிகிரிதான். ஊட்டிக்காரர்கள் அதற்கு ஸ்வெட்டரைக்கூட எடுக்கமாட்டார்கள். குளிரெல்லாம் அறைக்குள்ளே இருந்தது. அதுவும் சட்டப்படி இருந்தது.

சட்டத்துக்கு அப்புறம் வருகிறேன். சீசன் இல்லாத மாதத்தில் இத்தாலியக் கடற்கரையில் மலிவாக அறை பிடிக்க என்னிடம் ஒரு சூத்திரம் இருக்கிறது. மூன்று வருடம் ராக்கண் விழித்துக் கண்டுபிடித்தது. கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடுவதாக உத்தேசம்.

வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, 'விலை குறைந்தது முதலில்' என்பதைத் தட்டிவிட்டு உட்காரும்போது ஒரு நிம்மதி வருமே, அதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் ஃபோனிலும் இந்த நிமிடம் நாலு ஊர் திறந்து கிடக்கும்.

நான் முதலில் பார்த்தது ரிமினி. அட்ரியாட்டிக் கரையில் ஆயிரத்துக்கும் மேல் ஹோட்டல்கள் உள்ள ஊர். டைரக்டர் ஃபெலினி பிறந்த ஊர். செப்டம்பர் முடிந்ததும் மணலில் நட்ட குடைகளையெல்லாம் சுருட்டிவிடுவார்கள், நிறைய ஹோட்டல்கள் பூட்டிவிடும், திறந்திருப்பதில் அடிமாட்டு விலைக்கு அறை கிடைக்கும் என்பது என் கணக்கு. நவம்பர் முதல் வாரத்தைத் தட்டினேன். 48 யூரோ அறை 190 என்றது. விசாரித்தால், அந்த வாரம் அங்கே மறுசுழற்சியும் பசுமைப் பொருளாதாரமும் பற்றிய பெரிய கண்காட்சியாம். குப்பையைப் பற்றிப் பேச வந்தவர்கள் அறைகளை மொத்தமாக அள்ளிவிட்டார்கள். சரி, ஜனவரி? ஜனவரியில் ஐஸ்கிரீம் கண்காட்சி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நடுக்குளிரில், வாடைக்காற்று அடிக்கிற கடற்கரையில், ஐஸ்கிரீம்.

அடுத்து சிங்க்வே தெர்ரே. மலையிலிருந்து கடலுக்குள் சரிகிற ஐந்து கிராமங்கள். அதில் கோர்னீலியாவில் மட்டும் ஓர் அறை மலிவாகக் கண்ணில் பட்டது. ஏன் மலிவு என்று தோண்டிப் பார்த்தேன். ரயில் நிலையம் கீழே, ஊர் மேலே, நடுவில் கிட்டத்தட்ட 380 படி.

"பழனி ஏறினவங்கதானே நாம" என்றேன்.

"பழனியில மேல முருகன் இருக்காரு. அங்க மேல யாரு இருக்கா?" என்றாள் மனைவி.

கோர்னீலியா முடிந்தது. பொசித்தானோவில் நவம்பர் வந்தால் பெரும்பாலான ஹோட்டல்காரர்கள் ஈஸ்டர் வாக்கில் பார்க்கலாம் என்று கதவைச் சாத்திவிடுகிறார்கள். கடைசியில் அமால்ஃபி கரைக்கு வாசல்படி மாதிரி இருக்கிற சலேர்னோவில் வந்து நின்றேன். அடுக்குமாடிக் குடியிருப்பின் நாலாவது மாடி. ஓர் அம்மாள் தன் வீட்டில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார். இரவுக்கு 52 யூரோ. கடல் தெரிய வேண்டுமென்றால் இன்னும் எட்டு. கீழே சிவப்பு எழுத்தில், 'இந்த விலைக்கு ஒரே ஒரு அறைதான் பாக்கி! இப்போது 14 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்!'

நவம்பர் மாதம். வார நாள். படகே நின்றுபோன கரை. அந்தப் பதினாலு பேர் யார்? நடுராத்திரி, நெஞ்சு படபடக்க, அட்டை நம்பரைத் தப்பாக அடித்து, திரும்ப அடித்து, அறையைப் பிடித்த பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். என் லேப்டாப்பில் அதே அறை ஏழு ஜன்னலில் திறந்திருந்தது. ஃபோனில் ஆறு. பதினாலாவது ஆள் என் மைத்துனன். "நானும் பாக்கறேன் மாமா" என்று கோயம்புத்தூரில் உட்கார்ந்து உதவிக்கொண்டிருந்தான்.

இனி கடல்.

இத்தாலியர்கள் கடலைக் கூறு கட்டி விற்கிறார்கள். 'ஃப்ரோந்தே மாரே' என்றால் நேர் எதிரே கடல், குறுக்கே எதுவும் கிடையாது. 'விஸ்தா மாரே' என்றால் கடல் தெரியும். குறுக்கே சாலை, தண்டவாளம், பெட்ரோல் பங்க் எது வேண்டுமானாலும் இருக்கலாம். 'லாத்தெராலே' என்றால் பக்கவாட்டுக் கடல். கழுத்துச் சுளுக்கு உங்கள் பொறுப்பு. கடைசி ரகம் 'பார்த்ஸியாலே'. பகுதிக் கடல். எட்டு யூரோவுக்கு எனக்கு வந்து சேர்ந்தது இந்த ரகம். எவ்வளவு பகுதி, அறையின் எந்தப் பகுதியிலிருந்து என்றெல்லாம் கேட்க எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. பதினாலு பேர் பின்னால் நிற்கும்போது யார் கேட்பார்கள்?

அறைக்குள் போனதும் ஜன்னலைத் திறந்தேன். எதிரே ஒரு சுவர். சுவரில் ஒரு குழாய். "சிஞோரா, மாரே?" என்றேன். அந்த அம்மாள் சிரித்த முகமாக எங்களைக் குளியலறைக்குக் கூட்டிப்போனார். மேலே ஒரு சின்ன ஜன்னல். "எக்கோ!" என்றார். அவர் உயரம். எம்பினால் தெரியும். என் உயரத்துக்குக் கீழே ஏதாவது போட்டு ஏற வேண்டும். ஏறுவதற்கு அங்கே இருந்த ஒரே பொருள் பிடே.

பிடே தெரியும்தானே? கழிப்பறைப் பீங்கானுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் குட்டிப் பீங்கான், கழுவிக்கொள்வதற்கு. 1975 முதல் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று அங்கே அரசு ஆணையே இருக்கிறது. வெளிநாடு போகும்போது பெட்டியில் பிளாஸ்டிக் மக் வைத்துக்கொண்டு போகிற நம்மவர்கள் கையெடுத்துக் கும்பிட வேண்டிய நாடு. ஆனால் கும்பிட வேண்டிய பொருளின் மேல் நான் ஏறி நிற்க வேண்டியிருந்தது. இடது கால் பிடேயில், வலது முட்டி சுவரில், தாடை ஜன்னல் விளிம்பில். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, ஒரு துணிக்கொடிக்கு அடியில், சாம்பல் நிறத்தில், ஒரு சாண் அகலத்துக்குக் கடல் தெரிந்தது.

யூரோ நூறு ரூபாய் ஆனதில் எனக்குள்ள ஒரே சௌகரியம் கணக்கு சுலபம். இரவுக்கு 800 ரூபாய். நாலு இரவுக்கு 3,200. ஒரு சாண் ஒன்பது அங்குலம். ஆக, கடல் அங்குலம் 355 ரூபாய். என் சொந்த மொட்டை மாடியில் ஏறினால் வங்காள விரிகுடா முழுசாகத் தெரியும். தண்ணீர்த் தொட்டி வழிகிறதா என்று பார்க்கப் போகும்போது அது பாட்டுக்கு முதுகுப் பக்கம் கிடக்கும். திரும்பிப் பார்த்தது கிடையாது. அது ஓசி. இது அங்குலம் 355. விடலாமா? பல் தேய்த்ததும் ஒரு தடவை, வெளியே கிளம்புமுன் ஒரு தடவை, திரும்பி வந்ததும் ஒரு தடவை என்று ஏறிப் பார்த்துக்கொண்டேயிருந்தேன்.

"நீயும் ஒரு தடவை ஏறிப் பாத்துடு. காலையிலேர்ந்து பாக்கலை."

"நேத்து பாத்த கடல்தானே."

"நேத்து பாத்தது நேத்துக் காசுக்கு."

இரண்டாம் நாள் காலை ஏறினால் கடலைக் காணோம். எதிர்வீட்டில் ஒரு இரட்டைக் கட்டில் விரிப்பைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தார்கள். மஞ்சள் பூப்போட்டது. என் ஒன்பது அங்குலத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. மத்தியானம் எடுத்துவிடுவார்கள் என்று பார்த்தேன். நவம்பர் வெயிலில் கனமான பருத்தி எங்கே காய்கிறது? மூன்றாம் நாள் சாயங்காலமும் அது அங்கேதான் ஆடிக்கொண்டிருந்தது. 1,200 ரூபாய்க்கு மேல் கடல் அதற்குப் பின்னால் வீணாகிக்கொண்டிருந்தது. விரிப்புக்கு மேலாக ஒரு கீற்றாவது தெரியுமா என்று பிடேயின் விளிம்பில் நுனிக்காலால் எம்பினேன். வழுக்கியது. பக்கத்தில் உத்தரத்திலிருந்து தொங்கிய கயிற்றைப் பிடித்தேன்.

இத்தாலியக் குளியலறைகளில் ஷவருக்குப் பக்கத்தில் ஒரு கயிறு தொங்கும். விழுந்து கிடப்பவர்கள் உதவி கேட்டு இழுப்பதற்காக. நான் இழுக்கவில்லை, தொங்கினேன். வீடு முழுக்க மணி அலறியது. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டே ஓடிவந்த அந்த அம்மாள் கண்டது: லுங்கி, மஃப்ளர், ஒரு கால் பிடேக்குள், இரண்டு கையிலும் கயிறு.

"மாரே..." என்றேன்.

அவர் நீளமாக ஏதோ சொன்னார். மனைவி ஃபோனை நீட்டினாள். ஃபோன் தமிழில் கேட்டது: "கடலுக்கு என்ன ஆயிற்று?"

குளிரை மறந்துவிட்டேன். அறையில் ஆளுயரத்துக்கு இரும்பு ரேடியேட்டர் இருந்தது. தொட்டால் நடுமார்கழி அம்மிக்கல். இதை எப்போது போடுவீர்கள் என்று கேட்டதற்கு அந்த அம்மாள் நாட்காட்டியில் 15-ஆம் தேதியைத் தொட்டுக் காட்டினார். 1993-இல் போட்ட விதி. நாட்டை ஆறு மண்டலமாகப் பிரித்து, எந்த மண்டலத்தில் எந்தத் தேதியிலிருந்து எத்தனை மணி நேரம் வீட்டைச் சூடாக்கலாம் என்று வரையறுத்திருக்கிறார்கள். சலேர்னோ மூன்றாவது மண்டலம். நவம்பர் 15 முதல் மார்ச் 31 வரை, நாளைக்குப் பத்து மணி நேரம். ஹோட்டல்களுக்கு விலக்கு உண்டு. நாங்கள் இருந்தது ஹோட்டல் இல்லை, வீடு. கட்டடம் முழுக்க ஒரே பாய்லர். நாங்கள் தங்கியது 10 முதல் 14 வரை. கழுவ ஒரு சட்டம், காய ஒரு சட்டம். முதலாவது மட்டும் எங்களுக்குக் கிடைத்தது.

பாவம், நல்ல மனுஷி. எங்கிருந்தோ ஒரு மின்சார ஹீட்டரைக் கொண்டுவந்து தந்தார். போட்டோம். காலில் சூடு ஏறியது. ஆனந்தத்தில் மனைவி ஊரிலிருந்து கொண்டுவந்த கெட்டிலில் காப்பிக்கு வெந்நீர் வைத்தாள். சமையலறையில் அந்த அம்மாளின் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. டப்பென்று மொத்த வீடும் இருட்டு. அங்கே சாதாரண வீடுகளுக்கு மூன்று கிலோவாட்தான் கணக்கு, தாண்டினால் மீட்டரே நிறுத்திவிடும். மீட்டர் பெட்டி கீழ்த்தளத்தில். அந்த அம்மாள் டார்ச்சோடு செருப்பைத் தேய்த்துக்கொண்டு போய்வந்து இரண்டு விரலைக் காட்டினார். ஒன்று ஹீட்டர், அல்லது கெட்டில். நாலு நாளும் காலைச் சூடாக்குவதா காப்பியைச் சூடாக்குவதா என்று தாம்பத்தியம் நடத்தினோம்.

அமால்ஃபி போனோமா என்று கேட்பீர்கள். போனோம். சீசனில் படகில் அரைமணி சொச்சம். இப்போது பஸ், ஒன்றேகால் மணி, அத்தனையும் கொண்டை ஊசி. ஏற்காடு ஏறும்போது எலுமிச்சம்பழம் முகர்கிற வழக்கப்படி மனைவி பஸ் ஏறுமுன் ஒன்று வாங்கினாள். அமால்ஃபி எலுமிச்சை இளநீர்க் குரும்பை அளவு. இரண்டு கையாலும் ஏந்தி முகர்ந்துகொண்டு வந்தாள். பக்கத்து சீட்டுக் கிழவர் மரியாதையாக நகர்ந்து உட்கார்ந்தார். ஊரில் பாதிக் கடைகளில் 'கியூஸோ பெர் ஃபெரியே', விடுமுறைக்காக மூடியிருக்கிறோம் என்ற அட்டை. திறந்திருந்தது பேராலயம்தான். வாசலுக்கு 62 படி. என்னை முந்திக்கொண்டு அவள் ஏறினாள். நிலவறையில் புனித அந்திரேயாவின் திருப்பண்டம் இருக்கிறது, 1208-இல் கான்ஸ்டான்டினோபிளிலிருந்து வந்தது. "மேல ஆள் இருந்தா ஏறமாட்டேன்னு சொன்னேனா?" என்றாள். எனக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது அங்கேதான்.

கிளம்பும் நாள், தலைக்கு இத்தனை, இரவுக்கு இத்தனை என்று ஊர் வரியைத் தனியாக ரொக்கமாக வைத்தோம். ஊர் வந்ததும் மைத்துனன் கூப்பிட்டான். அதே அறை, மே முதல் வாரம், 58 யூரோவாம். படகு ஓடும், ஹீட்டர் வேண்டாம், விரிப்பு ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். கடலைச் சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டேன். சேர்த்தாம். ஃபோனை வைத்துவிட்டேன்.

சூத்திரத்தைச் சொல்வதற்குள் அறை பிடித்துக் கொடுத்தவர்களிடமிருந்து நாலாவது தடவையாக மெயில் வந்திருக்கிறது. அறையிலிருந்து தெரிந்த காட்சிக்கு 10-க்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்கிறார்கள். ஆறு போட்டிருக்கிறேன். மஞ்சள் பூ, நல்ல கனமான பருத்தி.