கடன் போன பீரியட்

பள்ளிக்கூடத்து மணியைப் பியூன் அடிக்கிறார். ஆனால் எங்கள் வத்தலக்குண்டுப் பக்கத்தில் பள்ளிக்கூடம் தொடங்குவது அதற்கு இருபது நிமிடம் முன்னால், கேட்டோரம் ஒரு விசில் ஊதும்போதுதான். சைக்கிளில் டபுள்ஸ் வந்தவன் ஓடும் வண்டியிலிருந்தே குதிப்பான். வெளியே தொங்கிய சட்டை உள்ளே போகும். நெற்றியில் புரளும் முன்முடியைத் தண்ணீர் தொட்டு அமுக்கிக்கொண்டே ஒருவன் அடுத்தவனுக்குத் தகவல் சொல்வான்: "டேய், பி.டி. சார் நிக்கிறாருடா!"

சேவுகம்பட்டி, பட்டிவீரன்பட்டி, நிலக்கோட்டை என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கே போனாலும் இவரைப் பார்க்கலாம். ஒரு ஆளைக் குறிவைத்து எழுதவில்லை. நாலைந்து பேரைப் போட்டுப் பிசைந்து பிடித்த உருண்டை இவர். அரசுக் கணக்கில் உடற்கல்வி ஆசிரியர். ஊர்ப் பெரியவர்களுக்கு டிரில் வாத்தியார். பயல்கள் வைத்திருக்கும் பெயரை இங்கே எழுதினால் பத்திரிகைக்கு ஆகாது.

பெல்ட்டுக்கு மேலே கொஞ்சம் சரிந்த வயிறு. புதிதாக வந்த டீச்சர் யாராவது அதைப் பார்த்துச் சிரித்துவிட்டால், "ஏம்மா, பல்லு டாக்டருக்குச் சொத்தப் பல்லு இருக்கக் கூடாதுன்னு சட்டமா?" என்பார். இளமையில் மும்முறை தாண்டுதலில் மாநிலப் போட்டி வரை போனவர். அவர் தாண்டிய தூரம் அந்தக் கதையைச் சொல்லச் சொல்ல வருசத்துக்கு ஓரிரு அங்குலம் வளர்ந்துகொண்டே வருகிறது. 1995-இல் ஜோனதன் எட்வர்ட்ஸ் தாண்டிய 18.29 மீட்டர் இன்னும் உலக சாதனையாக நிற்கிறது. சார் ஓய்வு பெறும் வருசம் அதற்கு ஆபத்து இருக்கிறது.

கால அட்டவணையில் ஒன்பதாம் வகுப்புக்கு வியாழக்கிழமை கடைசி பீரியட் பி.டி. என்று போட்டிருக்கும். அதை நம்பிப் பயல்கள் மத்தியானச் சாப்பாட்டிலிருந்தே கால்சட்டைப் பையில் பந்தை ஒளித்துவைத்துக் காத்திருப்பார்கள். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கணக்கு டீச்சர் வருவார்.

"சார், ஒரே ஒரு பீரியட். போர்ஷன் முடியல."

"எடுத்துக்கங்க டீச்சர்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கைமாற்றாகக் கொடுத்த பணம் திரும்பாது என்று தெரிந்தே எண்ணிக் கொடுக்கிற மச்சானின் முகம். அரையாண்டுத் தேர்வுக்கு அப்புறம் அறிவியல் வரும், சமூக அறிவியல் வரும். பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் தை பிறந்தால் மைதானம் என்பது ஜன்னல் வழியாகத் தெரிகிற ஒரு காட்சி. வாங்கிய பி.டி. பீரியடை யாராவது திருப்பிக் கொடுத்ததாக எங்கள் பக்கத்துச் சரித்திரத்தில் இல்லை. சார் மட்டும் விடாமல் தம் வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் கோடு கிழித்து வருகிறார்: கணக்கு 14, அறிவியல் 9, ஆங்கிலம் 6. வருசக் கடைசியில் ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கும்போது கேட்பார். "டீச்சர், பதினாலு பீரியடு நிக்குது. வட்டி வேணாம், அசலு மட்டும் குடுங்க." எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். கோடுகளை மட்டும் அழிக்கமாட்டார்.

பாடத்துக்குத்தான் அவர் வேண்டாம். மற்ற எல்லாவற்றுக்கும் அவர்தான் வேண்டும். காலைக் கூட்டத்தில் "பள்ளி... நேராக நில்!" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுப்பார். வேப்பமரத்துக் காக்கைகள் உட்பட எல்லாம் நேராக நிற்கும். இலவச சைக்கிள் வந்தால் இறக்க, சத்துணவு வரிசையை நிறுத்த, மயங்கி விழுந்த பிள்ளையைத் தூக்க, சுதந்திர தினத்துக்குக் கொடிக்குள் பூ மடிக்க, ஆண்டு விழாவில் சீரியல் செட் கட்ட, எல்லாம் பி.டி. சார். பேச்சுப் போட்டிக்கு ஸ்டாப்வாட்ச் பிடிப்பதும் அவரே. சுப்பிரமணிய சிவா 1884-இல் பிறந்த ஊர் வத்தலக்குண்டு என்பதால் எங்கள் பிள்ளைகளுக்குத் தலைப்புப் பஞ்சமே கிடையாது. ஒரு வருசம் ஏழு பேர் சிவாவைப் பற்றிப் பேசினார்கள். தமிழய்யா ஏழு பேருக்கும் ஒரே கட்டுரையை எழுதிக் கொடுத்திருந்தார். ஏழு பேரும் ஒரே இடத்தில் மறந்தார்கள்.

அவருடைய படிப்பு வெளியே தெரிவது வருசத்தில் ஒரு நாள்தான்: விளையாட்டு விழாவுக்குத் தடம் போடும் நாள். விடிவதற்கு முன்னால் தேங்காய்நார்க் கயிறு, ஆணி, சுண்ணாம்புப் பவுடர், ஒரு டப்பா, இரண்டு பயல்களோடு மைதானத்தில் குனிந்தால் வெயில் ஏறும்வரை நிமிரமாட்டார். இங்கேதான் கணக்கு டீச்சர் மாட்டினார். அவர் எட்டிப் பார்த்து, "ஏன் சார், ரெண்டாவது லேன் பையன இவ்வளவு முன்னாடி நிறுத்துறீங்க? மொத லேன்காரன் பாவமில்லையா?" என்று கேட்டுவிட்டார்.

சார் நிமிர்ந்தார். பதினாலு பீரியட் காத்திருந்த நிமிடம்.

"டீச்சர், வெளி வட்டம் பெருசு. முறைப்படி போட்ட நானூறு மீட்டர் தடத்துல லேன் அகலம் 1.22 மீட்டர். ஒரு முழுச் சுத்து அவனவன் லேன்லயே ஓடணும்னா ரெண்டாவது லேன்காரன் 7.04 மீட்டர் முன்னால நிக்கணும். இல்லேன்னா அவன் கூடுதலா ஓடுவான். உங்க 2πr-தான். நீங்க போர்டுல போடுறீங்க, நான் தரையில போடுறேன்."

டீச்சர் ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் வட்டத்தின் சுற்றளவு நடத்த ஒன்பதாம் வகுப்பை மைதானத்துக்குக் கூட்டி வந்தார். அதற்காக எடுத்துக்கொண்டது பி.டி. பீரியடைத்தான்.

இந்தத் தொழிலுக்கு ஒரு குலப்பெருமையும் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியோடும் அவர் போனார். நந்தனத்தில் இருக்கும் அந்தக் கல்லூரியில் படித்த சீனியர் ஒருவரிடம் கற்றதால் தாமும் பக் துரையின் பேரப்பிள்ளை என்பது சாரின் கணக்கு. பாரிஸ் வரை போன பரம்பரை, நிலக்கோட்டை டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு குறுவட்டப் போட்டிக்குப் போகும்.

குறுவட்டப் போட்டி என்பது தனி உலகம். பதினாலு, பதினேழு, பத்தொன்பது என்று வயதுப் பிரிவு. எதிர்ப் பள்ளியில் மீசை முளைத்தவன் பதினாலில் நின்றால் சார் பிறப்புச் சான்றிதழ் கேட்பார். நம் பள்ளியில் நின்றால், "பயலுக்கு வளர்த்தி சார்" என்பார். ஒரு பையில் குளுக்கோஸ் பாக்கெட், ஆரஞ்சு, முழங்கால் சிராய்ப்புக்கு மருந்து. பதினாலு பிள்ளைகளுக்குச் சேர்த்து நாலு ஜோடி ஷூ. நூறு மீட்டர் முடித்தவன் கோட்டைத் தாண்டியதுமே உட்கார்ந்து கழற்றுவான், நானூறு மீட்டர்காரன் மாட்டுவான். அந்தக் கைமாற்றைத்தான் எங்கள் பள்ளி தொடர் ஓட்டத்தை விட நன்றாகச் செய்யும்.

ஒரு வருசம் 800 மீட்டருக்கு ஒரு பெண். விடுமுறையில் விடியக்காலை அப்பாவோடு மல்லிகைத் தோட்டத்தில் பூப் பறிக்கும் பிள்ளை. அப்பா, "பூவப் பறிச்சு நிலக்கோட்ட மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகணும் சார், நீங்க ஓடச் சொல்றீங்களே" என்றார். சார் மூன்று நாள் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார். நாலாம் நாள் தோட்டத்துக்கே போய்த் தாமும் பறித்தார். பாதிக்கு மேல் பிய்த்துக் கெடுத்ததால், "பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க சார், நீங்க மட்டும் பறிக்காதீங்க" என்று அப்பா கும்பிட்டார். அந்தப் பெண் ஷூ வேண்டாம் என்று வெறுங்காலில் ஓடினாள். கோட்டுக்கு வெளியே வயிறு குலுங்கச் சார் ஓடினார். கடைசிச் சுற்றில் அவள் முதலில் வந்தாள்; சார் வந்து சேரவில்லை. குளுக்கோஸை அவருக்குத்தான் கரைத்தார்கள்.

வாங்கிய கோப்பை தலைமையாசிரியர் அறையில் இருக்கிறது. அதில் சாக்பீஸ் போட்டுவைத்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் முதல் மூன்று இடம் வாங்கியவர்களுக்கு கேட்டில் ஃப்ளெக்ஸ் உண்டு. சார் அதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். ஃப்ளெக்ஸ் கட்ட ஏணி பிடிப்பவரும் அவர்தானே. சேலம் மாவட்டத்துக் கிராமத்தில் மாரியப்பனை முதலில் கவனித்தது ஒரு பி.டி. வாத்தியார் என்று மட்டும் ஞாபகப்படுத்துவார். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினாரே, அந்த மாரியப்பன். அன்றிலிருந்து சாருக்குக் கண் ஓரிடத்தில் நிற்பதில்லை.

சேவுகம்பட்டி சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில் தை மாதம் வாழைப்பழம் சூறைவிடுவார்கள். வேண்டுதல் பலித்தவர்கள் கூடை கூடையாகக் கொண்டுவந்த பழங்கள் ஆகாயத்தில் பறக்கும். ஊரே கைநீட்டிக் குதிக்கும். போன தடவை எனக்குப் பக்கத்தில் நின்ற பி.டி. சார் ஒரு பழம்கூடப் பிடிக்கவில்லை. குதிக்கிறவர்களின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவன் கூட்டத்துக்கு மேலே எழும்பி, ஒற்றைக் கையால் ஒரு சீப்பையே இறக்கினான்.

"டேய்! எந்த ஸ்கூலுடா நீ? எந்த கிளாஸு?"

பயல் திரும்பிப் பார்த்தான். விசில் கண்ணில் பட்டுவிட்டது. சீப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "சார், முடி நாளைக்கு வெட்டிருவேன் சார்!" என்று கூட்டத்துக்குள் பாய்ந்தான். சார் அவன் ஓடிய வேகத்தை ஸ்டாப்வாட்ச்சில் பிடித்துக்கொண்டிருந்தார்.