‘ங்கா’ ஓசையும் பெற்றோர் அளவையியலும்

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுக்கும். அவற்றுள் முதலாவதாகிய காப்புப் பருவத்தை மூன்றாம் மாதத்திலும், ஒரு காலை மடித்து ஒரு காலை நீட்டி இரு கைகளையும் ஊன்றித் தலையெடுத்து ஆடுகின்ற செங்கீரைப் பருவத்தை ஐந்தாம் மாதத்திலும் வைத்து எண்ணுவது பெருவழக்கு. முதல் இரண்டு மாதங்களுக்குப் பருவம் எதுவும் வகுக்கப்படாததன் காரணத்தைப் பாட்டியல் நூல்களில் தேடுவதைவிடத் தொட்டிலருகே தேடுவது பயன் தரும். அக்காலத்தில் செய்தி சொல்லவேண்டிய பெற்றோர் தாம் உறங்கி எத்தனை நாளாயிற்று என்பதையே அறியாராதலால், அவர்தம் வாக்குமூலத்தை நம்பிப் பாட்டெழுதப் புலவர் துணிந்திலர் எனக் கொள்ளலாம். குழந்தை எவ்வாறு வளர்கிறது என்பதை மருத்துவ நூல்கள் வேண்டிய அளவு கூறிவிட்டமையால், வளர்ந்ததை வீட்டார் எவ்வாறு அறிகின்றனர் என்பது மட்டுமே ஈண்டு ஆராயப்படும்.

அளவை என்பது அறிவைப் பெறுதற்குரிய கருவி. கண்ணால் காண்பதாகிய காண்டல், புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்வதாகிய கருதல், நம்பத்தக்கவர் சொல்லை ஏற்பதாகிய உரை என மூன்றனைச் சைவ சித்தாந்திகள் முதன்மையாகக் கொள்வர். தூளி தொங்கும் வீட்டில் இவற்றின் வலிமை தலைகீழாகிவிடுகிறது. அங்கே பாட்டியின் உரைக்கு மறுப்பில்லை, கருதல் ஓரளவு செல்லும், தாயும் தந்தையும் தம் கண்ணால் கண்டதற்கு மட்டும் சாட்சி கேட்கப்படும்.

எடையைப் பொறுத்தவரை ஐயத்திற்கு இடம் குறைவு. பிறந்த குழந்தை முதல் சில நாள்களில் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை இழப்பதும், இரண்டு வாரத்திற்குள் அதை மீட்பதும், ஐந்தாறு மாதத்தில் பிறந்த எடையைப்போல் இரு மடங்காவதும் இயல்பு. ஆயினும் தராசு காட்டியதை வாய்விட்டுச் சொல்வது வீட்டு மரபில் இல்லை. வந்தவர் ஒருவர் ‘நன்றாகப் பூசினாற்போல் இருக்கிறதே’ என்று சொல்லிவிட்டால், அன்று விளக்கு வைத்தபின் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடப்படும். அளந்ததை வெளியிடுவது குற்றமாகிற அறிவியல் வேறு ஏதுமில்லை என்பதால், கன்னத்தில் இடப்படும் கறுப்புப் பொட்டை ஆய்வு முடிவின்மேல் வைத்த அரக்கு முத்திரை எனலாம்.

சிரிப்பைப் பற்றி மூன்று மதங்கள் நிலவுகின்றன (மதம் என்றது கொள்கையை). ஐந்தாம் நாள் தூக்கத்தில் குழந்தையின் உதடு விரிந்தால், அது தன்னை அடையாளம் கண்டு சிரித்தது என்பது தந்தையர் மதம். அந்நாளில் குழந்தையின் கண்ணுக்கு ஓரளவேனும் தெளிவாகத் தெரிவது இருபது முதல் முப்பது சென்டிமீட்டர் தொலைவு, அதாவது பால் குடிக்கையில் தாயின் முகம் இருக்கும் தொலைவு மட்டுமே. ஆகவே மருந்துச் சீட்டும் கையுமாகக் கதவோரம் நின்ற தந்தை மங்கலான ஒரு நிழலாக மட்டுமே இருந்திருப்பார். பச்சிளங்குழந்தையின் உறக்கத்தில் ஏறக்குறைய பாதி, இமைக்குள் விழி உருளும் துடிப்பான உறக்கமாதலின் முகத்தசைகள் அவ்வாறு அசையும் என்பது மருத்துவர் மதம். சாமி பூவைக் காட்டுகிறது, உதடு பிதுங்கினால் நரி வந்து மிரட்டுகிறது என்பது பாட்டியர் மதம். மூன்றனுள் சிரிப்புக்கும் அழுகைக்கும் ஒருசேரக் காரணம் சொல்வது கடைசியது ஒன்றே. 1839இல் பிறந்த தம் மூத்த மகனைக் கூர்ந்து நோக்கிக் குறிப்பெடுத்த சார்லஸ் டார்வின், உண்மையான சிரிப்பு நாற்பத்தைந்தாம் நாள் தோன்றியதென எழுதினார். ஆறு முதல் எட்டு வாரம் என்னும் இன்றைய கணக்கோடு இது பொருந்தும். அவர் அக்குறிப்புகளை 1877இல்தான் அச்சிட்டார். இன்றைய தந்தையரோ ஐந்தாம் நாளே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வெளியிட்டுவிடுகின்றனர்.

இரண்டாம் மாதத்திற்குமேல் எழும் ‘ங்கா’ என்னும் ஓசை இலக்கணிகளின் தனிக் கவனத்துக்கு உரியது. மல்லாந்து கிடக்கும் குழந்தையின் நாக்கு பின்புறம் சரிந்திருப்பதால் ஓசையும் அண்ணத்தின் பின்பகுதியிலேயே பிறக்கிறது. அடிநா அடியண்ணத்தைப் பொருந்தப் பிறப்பது ஙகரம் என்று தொல்காப்பியரும் சொல்லியிருக்கிறார். பிறப்பியலில் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்ட குழந்தை மொழிமரபில் இருமுறை தவறுகிறது. மெய்யெழுத்து உயிரோடு கூடாமல் மொழிக்கு முதலில் வராது என்பது ஒரு விதி, மொழிக்கு முதலில் வரும் எழுத்துகளில் ஙகரம் இல்லை என்பது மற்றொன்று. பின்வந்த நன்னூலார் அங்ஙனம், எங்ஙனம் போன்ற சொற்களில் சுட்டையும் வினாவையும் சார்ந்து வர ஙகரத்துக்கு இடம் கொடுத்தாரேயன்றி, தனியே நிற்க விடவில்லை. அரிச்சுவடியில் ங வரிசை முழுவதையும் எழுதிப் பழகிய எவரும் அதன் பெரும்பகுதியைப் பின்னர் வாழ்நாளில் தொடுவதில்லை. அவ்வரிசை யாருக்காக ஆக்கப்பட்டது என்னும் கேள்விக்கு, இரண்டு மாதக் குழந்தையின் பேச்சைத் தவிர வேறு விடை இதுவரை பொருந்தவில்லை. கல்வியில் சிறந்த பெரியவர்கள் தொட்டிலின்மேல் குனிந்து அதே ஓசையைத் திருப்பிச் சொல்லி மறுமொழிக்குக் காத்திருப்பதும், மறுமொழி வந்தபின் உரையாடல் நடந்ததாக அடுத்த அறையில் அறிவிப்பதும் எல்லா வீடுகளிலும் உண்டு.

இதழ் இயைந்து பிறக்கும் மகர பகரங்கள் பின்னர் வருகின்றன. இரண்டுக்கும் இதழ் ஒன்றே, மூச்சு மூக்கின் வழியும் செல்கிறதா இல்லையா என்பதே வேறுபாடு. அம்மா முதலிலா அப்பா முதலிலா என்னும் குடும்ப வழக்கு முழுவதும் இந்த மூக்குத்துளை ஒன்றை நம்பி நடக்கிறது. ஆறு மாதம் நிறைந்து கேழ்வரகுக் கூழ் ஊட்டத் தொடங்கிய நாளில் ‘ப்பா’ என்று கேட்டதாகத் தந்தை கூறுவாராயின், அதற்குரிய சான்று அவர் சட்டையிலேயே இருக்கும்.

குப்புற விழுதலைக் கண்டவர் அரியர். நான்காம் மாதத்தையொட்டி நிகழும் இச்செயல், பால் பொங்குகிறதா என்று பார்க்கத் தாய் சமையலறைக்குச் சென்ற அந்த அரை நிமிடத்திலேயே நடந்து முடிகிறது. மல்லாத்திவிட்டுப் போன குழந்தை கவிழ்ந்து கிடப்பதையும், ஒரு கை மார்புக்கடியில் மாட்டிக்கொண்டு அதை எடுக்கத் தெரியாமல் அழுவதையும் கண்டு நடந்ததை ஊகிப்பது, புகையிலிருந்து நெருப்பை அறியும் கருதலளவையின் பாற்படும். உடனே குழந்தையைத் திருப்பிக் கிடத்தி, செல்பேசியை ஏந்திக்கொண்டு முழங்காலில் நிற்கும் பெற்றோருக்குக் கிடைப்பது கூரையில் சுழலும் மின்விசிறியை அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையின் காட்சி மட்டுமே. மறுசோதனையில் நிலைபெறாத எதையும் அறிவியல் ஏற்பதில்லை. எனினும் ‘அதுதான் நேற்றே கவிழ்ந்துவிட்டதே’ என்று பாட்டி கூறியமாத்திரத்தில் வழக்கு முடிவுக்கு வரும்.

கேட்டபோது செய்து காட்டக் குழந்தை மறுப்பது இன்று தோன்றியதன்று. ஒன்பதாம் மாதத்துக்குரிய சப்பாணிப் பருவத்தில் குழந்தையைக் கைகொட்டுமாறும், பின்னர் முத்தம் தருமாறும், நடந்து வருமாறும் புலவர் வேண்டுகின்றனர். ஒவ்வொரு பருவத்திற்கும் பத்துப் பாடல் என்பது மரபு. ஒரு பாடலுக்கே குழந்தை கைகொட்டியிருக்குமானால் எஞ்சிய ஒன்பதுக்குத் தேவை எழுந்திராது. குலோத்துங்க சோழனுக்குப் பிள்ளைத்தமிழ் பாடிய ஒட்டக்கூத்தரும் இதற்கு விலக்கல்லர். விருந்தினர் முன் ‘தட்டு கண்ணு, தட்டு’ என்று கெஞ்சும் பெற்றோர் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கவிச்சக்கரவர்த்தியின் வழிநிற்பவர்களே.

ஏறத்தாழ இந்த ஒன்பதாம் மாதத்தில், பிடித்த பொருளைத் தானே விடுவதற்குக் குழந்தையின் விரல்கள் கற்றுக்கொள்கின்றன. இடுப்பில் இருந்தபடி எவர்சில்வர் கரண்டியைக் கீழே போட்டு, ஓசையைக் கேட்டு, அது விழுந்த இடத்தை நோக்கி, பின்பு இடுப்பில் சுமப்பவரின் முகத்தை நோக்கும். அவர் குனிந்து எடுத்துத் தருவார். கரண்டி மீண்டும் விழும். பெற்றோரின் சோதனைகளில் ஒன்றுகூட இரண்டாம் முறை நிலைபெறாதிருக்க, குழந்தையின் இச்சோதனை காலையில் பதினைந்து முறையும் மாலையில் அதற்குக் குறையாமலும் நடந்து, ஒவ்வொரு முறையும் ஒரே முடிவையே தருகிறது.