இருபத்தைந்தில் ஒரு பங்கு டிராக் ரேஸ் வண்டிகளில் பிளக் கம்பிகளின் எண்ணிக்கை: ஓர் ஆய்வு

முன்னுரை

உலகில் ஆராயப்படாத பொருள் ஏதுமில்லை. ஆராய்ந்து முடிக்கப்பட்ட பொருளும் இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவில்தான் பட்டங்கள் வழங்கப்படுகின்றன. அமெரிக்காவில் நேர்கோட்டில் விரைந்தோடிய பழைய டிராக் ரேஸ் கார்களை 1/25 அளவில் பிளாஸ்டிக் கிட்டிலிருந்து ஒட்டிச் செய்யும் கலையில், ஒட்டுகிறவர்கள் ஒட்டிக்கொண்டே இருக்கிறார்களே தவிர ஆராய்ந்தாரில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நோக்கம் கிடைக்காமல் போயிருந்தாலும் கட்டுரை வந்தே தீர்ந்திருக்கும்.

ஆய்வு எல்லை

1951இல் வாலி பார்க்ஸ் டிராக் ரேஸ்களை நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. சங்கத்தை நிறுவியது மேல் எல்லை. 1971இல் டிராக் ரேஸ் ஓட்டுநர் டான் கார்லிட்ஸ் தம் முதுகுக்குப் பின்னால் எஞ்சின் வைத்த வண்டியைக் களத்தில் இறக்கியது கீழ் எல்லை. அதற்கு முந்தைய ஆண்டு லாங் பீச்சில் அவருடைய வண்டியின் கியர் பெட்டி வெடித்து, வலப் பாதத்தில் ஒரு பகுதியைக் கொண்டுபோயிற்று. அதன் பிறகே எஞ்சின் பின்னால் போயிற்று. பட்டறிந்து கருத்தை மாற்றிக்கொண்டவர் என்பதால் அவரை ஆய்வுலகத்தில் சேர்க்க இயலவில்லை.

கருதுகோள்

ஒரு வண்டி எவ்வளவுக்கு ஓடாதோ அவ்வளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும்.

அளவு இயல்

டிராக் ரேஸ் ஓடுகளம் கால் மைல்; அதாவது 1320 அடி. 25ஆல் வகுக்க 52.8 அடி. இவ்வளவு நீளக் கூடம் உள்ளவர்கள் வண்டி ஒட்டுவதில்லை. ஒட்டுகிறவர்களிடம் ஒரு மேசைதான் இருக்கிறது, அதிலும் பாதி வீட்டாருக்கு. 1964இல் நியூ ஜெர்சியில் கார்லிட்ஸ் கால் மைலை 7.78 நொடியில் கடந்தார். முடிவில் வேகம் மணிக்கு 201.34 மைல். அதே வண்டியின் 1/25 வடிவம் கண்ணாடி அலமாரியிலிருந்து இன்னும் புறப்படவில்லை. எடையில் நிலைமை இன்னும் மோசம். 1600 கிலோ காரை நீளம், அகலம், உயரம் என்று மும்முறை 25ஆல் வகுத்தால் மிஞ்சுவது 102 கிராம்.

வகைப்பாடு

கேஸர்: 1941 வில்லிஸ் போன்ற பழைய கார், மூக்கைத் தூக்கி நிற்கும். புறப்படும் நொடியில் எடை பின் சக்கரங்களின் மேல் சாய்வதற்காக இந்த ஏற்பாடு. முன்னுரை உயர்ந்தும் பொருள் பின்தங்கியும் நிற்கும் நூல்களை நாம் அறிவோம் என்பதால் மேலும் விளக்கவில்லை.

ஸ்லிங்ஷாட்: ஓட்டுநர் பின் அச்சுக்கும் பின்னால் உட்கார்ந்திருப்பார்.

ஆல்டர்டு வீல்பேஸ்: 1965இல் கிரைஸ்லர் நிறுவனம் சில டாட்ஜ், பிளிமத் கார்களின் பின் அச்சை 15 அங்குலமும் முன் அச்சை 10 அங்குலமும் முன்னே தள்ளியது. 1/25இல் ஓர் அங்குலம் 1.016 மில்லிமீட்டர் ஆகிறது. எனவே 15 அங்குலம் கிட்டத்தட்ட 15 மில்லிமீட்டர். அங்குலக்காரர்களும் மெட்ரிக்காரர்களும் கைகுலுக்கும் ஒரே இடம் இதுவாகலாம்.

வீல்ஸ்டாண்டர்: முன் சக்கரங்களுக்கு வேலையில்லை, நமக்கும் இல்லை.

பாடபேதம்

ஏ.எம்.டி. நிறுவனத்தின் 'மூன்றில் ஒன்று' கிட்டில் ஒரே பெட்டிக்குள் தொழிற்சாலைக் கார், அலங்காரக் கார், போட்டிக் கார் என மூன்று பாடங்கள் உண்டு. ஒட்டுகிறவர் ஒன்றைக் கொண்டு இரண்டைத் தள்ள வேண்டும். தள்ளியதை எறியக் கூடாது. அது அடுத்த பதிப்பின் பின்னிணைப்பு.

பிளக் கம்பி இயல்

இதுவே ஆய்வின் இதயம். எஞ்சின் மேல் உட்காரும் சூப்பர்சார்ஜரை 6-71 என்பர். அதை ஆறாம் இயல் 71ஆம் நூற்பா எனக் கொண்டு தேடியவர் உளர். ஜி.எம்.சி. டீசல் எஞ்சினில் 6 சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம் என்பதே பொருள். சூப்பர்சார்ஜர் அந்த எஞ்சினிலிருந்து பெயர்த்தெடுத்தது. இனிக் கம்பிக்கு வருவோம்.

உண்மைக் கம்பியின் தடிமன் 7 மில்லிமீட்டர் என்றால் 1/25இல் 0.28. இந்தக் கம்பி எத்தனை என்பதே வினா.

முதல் உரைகாரர் 'எட்டு' என்றார்: எட்டு சிலிண்டர், எட்டுப் பிளக், எட்டுக் கம்பி. இரண்டாம் உரைகாரர் சிரித்தார். டிஸ்ட்ரிபியூட்டரின் நடுவிலிருந்து காயிலுக்குப் போகும் கம்பியை முன்னவர் மறந்தார், ஆகவே ஒன்பது என்றார். மூன்றாம் உரைகாரர், அக்காலப் போட்டி எஞ்சின்களில் மேக்னெட்டோ இருந்தது, அதில் காயில் உள்ளேயே அடக்கம், ஆகவே எட்டு என்றார். இந்த எட்டும் முதல் உரைகாரரின் எட்டும் ஒன்றல்ல. அது அறியாமல் சொன்ன எட்டு. இது அறிந்து சொன்ன எட்டு. இரண்டுக்கும் தனித்தனி ஆய்வேடு தேவை.

நான்காம் உரைகாரர் ஒன்பதாம் கம்பியை இடைச்செருகல் என்று ஒதுக்கி, காலத்தை முந்நூறு ஆண்டு பின்னுக்குத் தள்ள முயன்றார். அப்போது கார் இல்லை என்று சொன்ன பிறகும் அவர் அசையவில்லை. ஐந்தாம் உரைகாரரின் படி கிடைக்கவில்லை. அவரை மறுத்த ஆறாமவரின் படியும் கிடைக்கவில்லை. ஆனால் ஆறாமவரைக் கண்டித்து ஏழாமவர் எழுதியது கிடைத்திருக்கிறது. கிட்டோடு வந்த செய்முறைத் தாளின் பின்பக்கம், மூன்றாம் மடிப்புக்கும் நான்காம் மடிப்புக்கும் இடையில், வெள்ளிப் பெயின்ட் கறைக்கு அடியில், கட்டைவிரல் ரேகை பதிந்த பசைப் படலத்தின் வழியாக, 'என்னை மேற்கோள் காட்டுக' என்ற தொடர் மட்டும் தெளிவாக வாசிக்கக் கிடைக்கிறது. அவ்வண்ணமே காட்டப்பட்டது.

எண்ணிக்கை முடியாத நிலையில் வரிசைச் சிக்கல் எழுந்தது. கிரைஸ்லர் ஹெமி எஞ்சினின் பிளக்குகளில் 1-8-4-3-6-5-7-2 என்ற முறையில் தீப்பொறி தெறிக்கும். 0.28 மில்லிமீட்டர் கம்பிகளையும் அதே முறையில்தான் செருக வேண்டும், மாறினால் எஞ்சின் கெடும் என்கிறது ஒரு பள்ளி. எஞ்சினுக்குள் பிஸ்டனே இல்லையே என்று கேட்டதற்கு, அது களப்பணி செய்வோரின் கவலை என்று பதில் வந்தது.

இப்பொருள் பற்றி நடந்த பன்னாட்டுக் கருத்தரங்கம் ஒன்றில் (வெளிநாட்டிலிருந்து வாழ்த்துச் செய்தி ஒன்று வந்திருந்தது) கட்டுரைகள் வாசிக்கப்பட்டன, சான்றிதழ்கள் வழங்கப்பட்டன, சாம்பார் சாதம் தீர்ந்துபோயிற்று. மேடையில் ஒரு வில்லிஸ் கேஸர், பானெட் மூடியபடி வைக்கப்பட்டிருந்தது. 'பானெட்டைத் திறந்து எண்ணிவிடலாமே' என்று ஒரு மாணவர் கேட்டார். மூலத்தைத் திறந்து பார்க்கும் பழக்கம் எங்கே கற்றது என்று விசாரிக்க அன்றே குழு அமைக்கப்பட்டது. மாணவருக்கு நெறியாளர் மாற்றப்பட்டார்.

முடிவுரை

எட்டு என்பார்க்கு எட்டு. ஒன்பது என்பார்க்கு ஒன்பது. இரு தரப்பிலும் தேர்வாளர்கள் இருக்கக்கூடும் என்பதால் இம்முடிவு எட்டப்பட்டது.

மேலாய்வுக் களங்கள்

இவ்வாய்வைத் தொடர்ந்து பின்வரும் தலைப்புகளில் ஆய்வு மேற்கொள்ளலாம்:

1. தரையில் விழுந்து மறைந்த உதிரிகள்: ஒரு மறுவாசிப்பு.

2. எச்சில் தொட்டு ஒட்டிய ஸ்டிக்கர்களும் நீரில் ஊறவைத்து ஒட்டிய ஸ்டிக்கர்களும்: ஓர் ஒப்பீடு.

3. பானெட்டுக்குள் இருப்பது: திறக்காமல் ஓர் அணுகுமுறை.

4. இக்கட்டுரைக்கு வரவிருக்கும் மறுப்புக்கு மறுப்பு. இத்தலைப்பில் மாணவர்கள் பதிவு செய்ய வேண்டாம். இவ்வாய்வாளரே எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டார்.