பழைய டிராக்டருக்குக் கை முளைக்க வைப்பது எப்படி?

உழுது ஓய்ந்த பழைய மாஸி ஃபெர்குசன் ஒன்று கொட்டகையில் நிற்கிறதா? அதன் முன்னால் பக்கெட் மாட்டி எரு அள்ளினால் என்ன என்று ஒரு நாள் தோன்றும். ஜேசிபிக்கு மணிக்கணக்கில் வாடகை எண்ணிக் கொடுத்த நாளாகத்தான் அது இருக்கும். தோன்றிய பிறகு யோசிக்கக் கூடாது. நேரே பட்டறைக்குப் போய்விடுங்கள்.

டிப்பர் டிரெய்லருக்கு எண்ணெய் போகிற வாயிலேயே லோடரையும் இணைத்துவிடலாம் என்று அங்கே நாலு பேர் சொல்வார்கள். நம்புங்கள். டிரெய்லருக்கு ஒரே பைப். தூக்குவது எண்ணெய், இறக்குவது டிரெய்லரின் சொந்த எடை. லோடருக்கோ லிவர் வால்வு வேண்டும், எண்ணெய் திரும்பி வரவும் வழி வேண்டும். அதை எங்கே விடுவது? கியர் பெட்டிக்குள்தான். இந்த வண்டியில் ஹைட்ராலிக்குக்கென்று தனி எண்ணெய் கிடையாது, கியர் குளிக்கும் எண்ணெயேதான். சிலிண்டருக்குள் நுழைந்த மண்ணும் கூடவே வந்து குளிக்கும்.

மாட்டியாயிற்று, பக்கெட் அசையவில்லையா? பம்பு பழுது என்று முடிவு கட்டிக் கழற்றுங்கள். அது கியர் பெட்டிக்குள் எண்ணெயில் மூழ்கிக் கிடப்பதால் பொழுது நன்றாகப் போகும். பழுது எதுவும் இருக்காது. ஹாரி ஃபெர்குசன் இந்த ஏற்பாட்டைக் கலப்பைக்காகச் செய்தார். பின் லிஃப்ட் கேட்டால்தான் பம்பு எண்ணெயை உறிஞ்சும். கலப்பை மேலே வந்ததும் உறிஞ்சும் வாய் மூடிக்கொள்ளும். முன்னால் நீங்கள் எந்த லிவரை ஆட்டினாலும் அதற்குச் சேதி போகாது. மாஸி 135 போன்ற வண்டிகளில் எண்ணெயைத் தொடர்ந்து இறைக்க வைக்கும் நிலை ஒன்று சீட்டருகே உள்ள லிவரிலேயே உண்டு. கையேட்டில் போட்டிருக்கிறது. கையேட்டை அப்பா எங்கே வைத்தார் என்பது வேறு விஷயம்.

வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். 63 மி.மீ. விட்டமும் அரை மீட்டர் ஓட்டமும் உள்ள இரண்டு சிலிண்டருக்கு மூன்று லிட்டர் எண்ணெய் பிடிக்கும். பம்பு நிமிடத்துக்குப் பத்து லிட்டர் தந்தால், பக்கெட் மேலே போக இருபது வினாடிக்குச் சற்றுக் குறைவு. அந்தப் பம்பைச் சுற்றுவது பிடிஓ தண்டு. ஒற்றைக் கிளட்ச் வண்டியில் கிளட்சை மிதித்தால் அதுவும் நின்றுவிடும். ரிவர்ஸ் போடும்போதெல்லாம் பக்கெட் பாதி வழியில் நின்று யோசிக்கும்.

நிப்பிளின் மரை சேரவில்லையென்றால் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றுங்கள். பிய்ந்த துணுக்கு வால்வில் போய்ச் சிக்கும்போது மறுபடி வேலை கிடைக்கும்.

கசிவைக் கையால் தடவிப் பாருங்கள் என்று எழுத மட்டும் மனசு வரவில்லை. இங்கே கிண்டல் கிடையாது. ஊசிமுனை ஓட்டையிலிருந்து 2,000 பிஎஸ்ஐ அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூட இருக்காது. ஆபரேஷன் தாமதமானால் விரலே போகலாம். ஓர் அட்டையை நீட்டித் தேடுங்கள். பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லிவரை ஆட்டி அழுத்தத்தை வடித்த பிறகே ஹோஸில் கை வையுங்கள்.

கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனையில் தனி பம்பு, அதற்குத் தனி டேங்க் என்று விவரம் தெரிந்த ஃபிட்டர் ஒருவர் சொல்வார். கிளட்ச் தொல்லை இருக்காது, கியர் எண்ணெயும் கெடாது. ஆனால் செலவாகும், முன் கிரில்லையும் அறுக்க வேண்டும். ஆகவே அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இனி அள்ள வேண்டியதுதான். முதல் பக்கெட் எரு மேலே போகும்போது பின் சக்கரம் தரையை விட்டு எழப் பார்க்கும். மச்சானைப் பின்னால் ஏற்றாதீர்கள். அவர் அறுபது கிலோ, தேவையோ சில நூறு கிலோ. கான்கிரீட் கட்டை ஒன்று வார்த்துப் பின் லிஃப்டில் மாட்டித் தூக்கி வையுங்கள். தூக்க எண்ணெய் வேண்டுமே என்கிறீர்களா? அதைத்தான் லோடருக்குத் திருப்பிவிட்டீர்களே.