சிலோன் வைலே!

வள்ளியூரிலிருந்து நேர்கோடு இழுத்தால் சென்னை ஏறத்தாழ 600 கிலோமீட்டர். கொழும்பு அதில் பாதி. நாங்கள் யாரும் இந்தக் கணக்கைப் போட்டதில்லை. ரேடியோப் பெட்டி எங்களுக்காகப் போட்டுவிட்டது. மீடியம் வேவ் அலை தரைமேல் போகப் போக இளைத்துவிடும். உப்புத் தண்ணீர்மேல் என்றால் சுகமாக ஓடிவரும். எனவே எழுபதுகளில் சென்னை எங்கள் ஊரில் கரகரத்தது. கொழும்பு, பக்கத்து வீட்டுத் திண்ணையிலிருந்து பேசுகிற மாமாவைப்போலத் தெளிவாகப் பேசியது.

பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே அண்ணாச்சியின் டீக்கடை. காலையில் முதல் பால் பொங்குவதற்கு முன்பே உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: “ஏலே, சிலோன் வைலே!” பையன் முள்ளைத் திருப்புவான். ‘பொங்கும் பூம்புனல்’ ஆரம்பிக்கும். திருநெல்வேலிக்கு என்று 1963-லேயே ஒரு வானொலி நிலையம் வந்துவிட்டது. நல்ல நிலையம்தான். நெல்லுக்கு எப்போது உரம் வைக்க வேண்டும் என்று சொல்லும், கச்சேரி வைக்கும், செய்தி வாசிக்கும். உரம் வைக்கிறவர்களே அதை முடித்துவிட்டுச் சிலோனுக்குத் திரும்பிவிடுவார்கள்.

கடையில் இரண்டு கட்சி. ஓய்வுபெற்ற வாத்தியார் ஆகாசவாணிக் கட்சி.

“விஸ்வநாதன் போட்ட பாட்டு, டி.எம்.எஸ். பாடின பாட்டு. ரெண்டும் நம்ம சரக்கு. அதை நமக்கே அவன் போட்டுக் காட்டுதான். இதுல என்னவே பெருமை?”

“சரக்கு நம்மதுதான் சார்வாள். அதுக்கு மரியாதை குடுக்கது அவன்லா?” என்பார் அண்ணாச்சி.

மரியாதை போன கதை டெல்லியில் தொடங்குகிறது. 1952-இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். சாஸ்திரிய சங்கீதத்தில் ஊறியவர். சினிமாப் பாட்டு நாட்டின் ரசனையைக் கெடுக்கிறது என்று முடிவு கட்டினார். ஆகாசவாணியில் சினிமாப் பாட்டு அருகி, மறைந்தே போயிற்று. பாரம்பரியத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று அங்கே நினைத்திருப்பார்கள். ரசிகர்களோ முள்ளைக் கொழும்புக்குத் திருப்பிவிட்டார்கள். இரண்டாம் உலகப்போரில் மவுன்ட்பேட்டனின் படைகளுக்காக அங்கே அமைத்த ஒலிபரப்பு வசதி, போர் முடிந்து சும்மா கிடக்காமல் எங்களுக்கு பி. சுசீலாவைக் கொண்டுவந்து சேர்த்தது. 1957-இல் டெல்லி மனம் இரங்கி விவித் பாரதியைத் தொடங்கியபோது, வடக்கே அமீன் சயானியின் பினாகா கீத்மாலா வீட்டு வழக்கமாகிவிட்டிருந்தது. தெற்கே நாங்களும் திரும்பிவருகிற மாதிரி இல்லை.

ஏன் திரும்ப வேண்டும்? கே.எஸ். ராஜா என்று ஒருத்தர் இருந்தார். அவர் ‘திரைவிருந்து’ நடத்தினால், டப்பா படம்கூட ஓடிப்போய்ப் பார்க்க வேண்டிய படமாகத் தோன்றும். எங்கள் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில் பாதிப்பேர் அவரைப்போலவே மூச்சுவிடாமல் பேசிப் பரிசை இழந்தார்கள். ராஜேஸ்வரி சண்முகத்தின் குரலுக்காகவே பெண்கள் சமையலைத் தள்ளிப்போட்டார்கள். பாட்டுக்கு நடுவே ‘மரண அறிவித்தல்’ வரும். யாழ்ப்பாணத்தில் யாரோ காலமாகியிருப்பார், இன்னாரின் கணவர், இன்னாரின் மைத்துனர் என்று பட்டியல் நீளும். முகம் தெரியாத அந்தக் குடும்பத்தின் சம்பந்தி வரைக்கும் எங்கள் டீக்கடைக்குத் தெரியும். “நல்ல சாவுதான், பேரன் பேத்தி எடுத்துட்டாரு” என்பார் அண்ணாச்சி. அடுத்த பாட்டுக்கு வாத்தியாரே தாளம் போடுவார்.

அவரும் ஒன்றை மட்டும் மறுக்கமாட்டார். நாகஸ்வரம் என்றால் நம்ம காருகுறிச்சி அருணாசலம்; தவில் என்றால் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி. இந்த விஷயத்தில் இரண்டு கட்சிக்கும் ஒரே தீர்ப்பு.

தடை போடுவது டெல்லிக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. எழுபதுகளில் இலங்கையில் சிறிமாவோ அரசு இந்தியத் தமிழ்ப் பத்திரிகைகள், படங்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அங்கே உள்ளூர்க் கலைஞர்களுக்கு மேடை அகன்றது. ஈழத்துப் பொப் பாட்டு தழைத்தது. நித்தி கனகரத்தினமும் ஏ.இ. மனோகரனும் கடல் தாண்டி வந்து எங்கள் கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரில் ஏறிக்கொண்டார்கள். மனோகரனின் ‘சுராங்கனி’யை இளையராஜாவே 1977-இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்கு எடுத்துக்கொண்டார். நம் சரக்குக்கு அவர்கள் கதவைச் சாத்த, அவர்கள் சரக்கு நம் வீட்டு நடுக்கூடத்துக்கு வந்துவிட்டது.

இப்போது அண்ணாச்சி கடை இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு வைத்த பேக்கரி. ரேடியோ இல்லை. என் பேரன் கையில் இருக்கிற போனில் உலகத்துப் பாட்டெல்லாம் இருக்கிறது. முள் திருப்ப வேண்டாம், கரகரப்பு இல்லை, காத்திருக்க வேண்டாம். ஆகவே சண்டை போட நிறைய நேரம் இருக்கிறது.

2023 செப்டம்பர் 17, ஆசியக் கோப்பை இறுதிப்போட்டி. சிராஜ் 6 விக்கெட் எடுக்க, இலங்கை 50 ரன்னுக்குச் சுருண்டது. “சிலோன்காரனை முடிச்சாச்சு தாத்தா!” என்று குதித்தான். அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. யொஹானி பாடிய ‘மெனிகே மகே ஹிதே’, சுத்தமான சிங்களம்.

“இது யாரு பாட்டுலே?”

“அது பாட்டு தாத்தா. இது மேட்ச்சு.”

கேஸ்கருக்குப் பத்து வருஷத்தில் பிடிபடாதது இவனுக்குப் பிடிபட்டிருக்கிறதே என்று பூரித்துப்போனேன். பூரிப்பு சாயங்காலம் வரைக்கும்தான். அவன் கூட்டாளி ஒருவன், சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் தாயகம் திரும்பிய குடும்பத்துப் பிள்ளை, வீட்டுக்கு வந்திருந்தான். ‘சுராங்கனி’ நம்ம பாட்டு என்கிறான் இவன். எங்க பாட்டு என்கிறான் அவன். பைலா என்ற அந்த ஆட்டமெட்டு இலங்கைக் கரைக்கு வந்ததே போர்ச்சுகீசியர் காலத்தில்தான், ஆப்பிரிக்கர்களின் தாளமும் அதில் சேர்ந்திருக்கிறது என்றேன். பங்கு கேட்க இன்னும் இரண்டு கண்டம் வரிசையில் நிற்கிறது என்றதும் இரண்டு பேரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள்.

அவர்கள் சின்னப் பிள்ளைகள். 2025 மே 8-ஆம் தேதி, கேஸ்கர் உட்கார்ந்திருந்த அதே அமைச்சகம் பாகிஸ்தானியப் பாடல்களையும் தொடர்களையும் இணையத் தளங்கள் நிறுத்த வேண்டும் என்று அறிவுறுத்தியது. காரணம் வேறு, காலம் வேறு, கதவு அதேதான். அதற்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் லாகூர்க்காரர்களின் ‘பசூரி’க்கு வள்ளியூர்க் கல்யாண மண்டபத்தில் ஆடிய பிள்ளைகள், அதை வேறு எந்தச் சந்து வழியாகக் கேட்கலாம் என்று அன்றைக்கு ராத்திரியே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்குக் கவலை இல்லை. ஒரு தடை சிலோன் ரேடியோவைக் கொடுத்தது. இன்னொரு தடைக் காலத்தில் ‘சுராங்கனி’ வந்தது. இந்தத் தடைக்கு என்ன வரப்போகிறதோ? இந்த வயதில் நல்ல பாட்டுக்காக நான் நம்பியிருப்பது இசையமைப்பாளர்களை அல்ல, அமைச்சர்களைத்தான்.